சித்தி படித்த சனிக்கிழமை வகுப்பு

ஒன்பது வயதுவரை நான் வெளி ஆட்களிடம் வாய் திறந்ததில்லை. வீட்டுக்குள் ஓயாமல் பேசுவேன். வாசலில் யாராவது வந்து நின்று அப்பா இருக்கிறாரா என்று கேட்டால் போதும், அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய்விடுவேன். பள்ளியில் பெயர் வாசிக்கும்போதுகூடப் பக்கத்தில் இருப்பவள்தான் எனக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பாள். டீச்சர் அப்பாவை அழைத்து, பிள்ளைக்கு நன்றாக எழுத வருகிறது, பேசத்தான் வரவில்லை, ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார். வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவலாம் என்றார் தாத்தா. வயது வந்தால் சரியாகிவிடும் என்றார் அப்பா. அதற்கப்புறம் யாராலும் இவள் வாயை மூட முடியாது என்றாள் அம்மா.

என் குறையால் தனக்கு ஒரு வழி பிறக்கும் என்று கண்டுகொண்டவள் சித்தி ஒருத்திதான்.

சித்தி என்றால் சித்தப்பாவின் மனைவி. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சித்தப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஷிப்ட் ஒத்துவந்தால் ஞாயிற்றுக்கிழமை வருவார், இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு. சித்தி, தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிற ஓர் ஊரில் பிறந்தவள். கையில் நகை போடுவது போல வாக்கியத்தில் ஒரு கன்னடச் சொல்லைப் போட்டுக்கொள்வாள். எனக்குத் தட்டில் சோறு போடும்போது "சாக்கா?" என்பாள். போதுமா என்று அர்த்தம். ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தாள். வேலைதான் வரவில்லை, மாப்பிள்ளை வந்துவிட்டார்.

பயிற்சிக் காலத்தில் ஒருநாள் எங்கிருந்தோ ஓர் அம்மா வந்து அவர்களுக்குப் பொம்மலாட்டம் செய்து காட்டினாராம். அவர் கையில் மாட்டியிருந்தது ஒரு பழைய காலுறைதான். இரண்டு பித்தான்களைக் கண்ணாகத் தைத்திருந்தார். அந்தக் காலுறை கொட்டாவி விட்டபோது கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கொட்டாவி வந்ததாம். சித்தி இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். "யாருமே அந்த அம்மாவப் பாக்கல பாப்பா. எல்லாரும் அந்தச் சாக்ஸத்தான் பாத்தாங்க. அன்னிக்கி எனக்குச் சோறே எறங்கல." கொட்டாவி விட்டதைப் பார்த்து ஏன் சோறு இறங்காமல் போக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அப்பா பாப்பாரப்பட்டியிலிருந்து பொட்டுக்கடலை வாங்கிவந்தார். சித்தி கடலையை டப்பாவில் கொட்டிவிட்டு, பொட்டலத் தாளை உதறிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முதலில் தேதியைத் தேடினாள். நான்கு நாள் பழைய பேப்பர். அதில் பொம்மலாட்டப் பயிற்சி பற்றி ஓர் அறிவிப்பு இருந்தது. மேல் பாதி பெரியவர்களுக்கு. சென்னையில் ஆறு மாதம் தங்கிப் படிக்க வேண்டும், விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது. கீழ்ப் பாதி பள்ளிப் பிள்ளைகளுக்கு. தர்மபுரியில் சனிக்கிழமைதோறும் இலவச வகுப்பு, ஆண்டு இறுதியில் நிகழ்ச்சி, சான்றிதழ். சித்தி மேல் பாதியை எத்தனை முறை படித்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் ஒரு கை கடலையைத் தின்று முடிக்கும்வரை படித்தாள். பிறகு தாளை நான்காக மடித்தாள். மடித்ததில் கீழ்ப் பாதி மட்டும் வெளியே தெரிந்தது. அதைத்தான் தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"பாப்பாவ இதுல சேத்தா பேச்சு வரும்ங்க மாமா. பொம்மைய வெச்சுப் பேசுனா புள்ளைங்களுக்குக் கூச்சம் போயிரும்னு எங்களுக்குப் பாடமே இருந்துச்சு."

"பொம்ம ஆட்டறதுக்கு ஒரு பள்ளிக்கூடமா?" என்றார் தாத்தா. தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "சர்டிபிகேட்டு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க மாமா. கவர்மென்ட் முத்திரையோட."

முத்திரை என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் நல்ல மரியாதை உண்டு. "கூட்டிட்டுப் போறது யாரு?" என்று தாத்தா கேட்டார். அம்மாவுக்குத் தோட்டத்து வேலை, அப்பாவுக்குப் பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றுகிற வேலை. சித்தி தரையைப் பார்த்தாள். "சரி, நீயே போயிட்டு வந்துரு" என்று தாத்தாவே சொன்னார்.

இப்படித்தான் நான் பொம்மலாட்டம் படிக்கப் போனேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

வகுப்பு ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தின் கூடத்தில் நடந்தது. பன்னிரண்டு பிள்ளைகள். சொல்லிக்கொடுத்த சார் சேலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு பெரிய ரெக்சின் பைகளில் பொம்மைகளைக் கொண்டுவருவார். எல்லாப் பொம்மைக்கும் குரல் கொடுத்துக் கொடுத்து அவருடைய சொந்தக் குரல் கட்டிப்போயிருந்தது. பிள்ளைகளோடு வந்த பெற்றவர்கள் வராந்தா பெஞ்சில் உட்காருவார்கள். கொஞ்ச நேரத்தில் கடைத்தெருவுக்குப் போய்விடுவார்கள். சித்தி மட்டும் போகமாட்டாள். முதல் வாரம் ஜன்னலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டாம் வாரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் கைப்பொம்மை. ஆள்காட்டி விரல் தலைக்குள் போக வேண்டும், கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு கைகள். பார்க்கச் சுலபமாக இருக்கும். ஐந்து நிமிடம் தூக்கிப் பிடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும். சார் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான். "பொம்ம பேசாம நிக்கும்போதும் மூச்சு விடணும். மூச்சு நின்னா அது துணி." என் பொம்மை பெரும்பாலும் துணியாகத்தான் இருந்தது. கை வலித்து ஜன்னல் பக்கம் திரும்பினால், கம்பிக்கு அந்தப் பக்கம் சித்தியின் வலது கை தெரியும். பொம்மை இல்லாத கை. மூன்று விரல்கள் நிமிர்ந்து, மணிக்கட்டு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னைப் பாடம் ஒப்பிக்கச் சொல்வாள். எனக்குக் கேட்காமல் போனதெல்லாம் வெளியே நின்ற அவளுக்குக் கேட்டிருக்கும். "பொம்ம யாரப் பாக்குதோ மொதல்ல மூக்குத் திரும்பணும், அப்பறம்தான் ஒடம்புன்னு சொன்னாரில்ல?" என்பாள். சொன்னாரா என்று எனக்கு நினைவிருக்காது. வீட்டுப் பாடங்களையும் அவளே செய்தாள். மைதா பசையில் தாளை ஊறவைத்துப் பொம்மைத் தலை செய்து வரச் சொல்லியிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் கொண்டுவந்த தலைகள் உருளைக்கிழங்கு மாதிரி இருந்தன. என்னுடையதற்குக் கன்னத்தில் எலும்பு தெரிந்தது. "யாரு செஞ்சது?" என்று சார் கேட்டார். எனக்குப் பேச்சு வராத பழக்கம் அன்றைக்கு உதவியது.

ஆண்டு இறுதி நிகழ்ச்சிக்குச் சாரே ஒரு கதை எழுதியிருந்தார். ஒகேனக்கல்லில் ஒரு முதலைக்குப் பரிசலில் ஏறிப் போக வேண்டும் என்று ஆசை வருகிறது. எந்தப் பரிசல்காரரும் ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறார். இவ்வளவுதான் கதை. முதலைதான் அதில் ராஜா. மரத்துண்டுகளைத் துணியால் கோர்த்துச் செய்த நூல் பொம்மை. வாய்க்கு ஒரு நூல், முதுகுக்கு, வாலுக்கு, கால்களுக்கு என்று ஏழெட்டு நூல்கள் ஒரு குறுக்குக் கட்டைக்குப் போகும். எனக்கு அந்த முதலை வேண்டும் என்று இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பில் நான் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான்.

சார் வரிசையாக ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பார்த்தார். ஒருத்தி தூக்கியதும் முதலை குப்புற விழுந்தது. ஒருவன் கையில் வாலால் நடந்தது. என் முறை வந்தபோது நூல்கள் சிக்கிக்கொண்டு முதலை சுருண்டு பந்தானது. சார் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது ஜன்னலிலிருந்து மெல்லிய குரலில், "சார், முதுகு நூலு கொஞ்சம் நீளமா இருக்குதுங்க. அதான் தல தொங்குது" என்று கேட்டது.

சார் நிமிர்ந்து பார்த்தார். நூலைப் பார்த்தார். ஒரு முடிச்சுப் போட்டுக் குறைத்தார். பிறகு, "உள்ள வாங்க" என்றார்.

சித்தி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தாள். கட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. தரையில் கிடந்த முதலையின் முதுகு மெல்ல உயர்ந்தது, தாழ்ந்தது. அவ்வளவுதான். பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் முதலையின் மூக்கு திரும்பியது. முன்வரிசையில் இருந்த சின்னப் பையன் காலை மடக்கிக்கொண்டான். முதலை ஓரடி நடந்து, நின்று, யோசித்து, வாயைத் திறந்து கொட்டாவி விட்டது.

"எங்கங்க கத்துக்கிட்டீங்க?" என்று சார் கேட்டார்.

"இங்கதான் சார்," என்றாள் சித்தி. "ஜன்னல்ல."

சார் சிரிக்கவில்லை. அவள் வலது மணிக்கட்டைப் பிடித்துச் சற்று உள்பக்கம் திருப்பி, இப்படி வைத்தால் கை வலிக்காது என்று காட்டினார். எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் பிடித்துத் திருத்துவார். முதலையைச் சித்தியிடமே கொடுத்தார். எனக்குத் தவளை கிடைத்தது. தவளைக்கு இரண்டே வரி வசனம்.

வகுப்பு முடிந்ததும் சார் சித்தியை நிறுத்திப் பேசினார். சேலத்தில் பத்து நாள் பயிற்சி முகாம் ஒன்று நடக்கப்போகிறது. பள்ளியிலும் பால்வாடியிலும் பொம்மை வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆட்களைத் தயார் செய்கிறார்கள். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். முடித்தவர்களைப் பள்ளிகளுக்குக் கூப்பிடுவார்கள். நன்றாகச் செய்தால், சென்னையில் நடக்கிற ஆறு மாதப் படிப்புக்கும் அவர்களே எழுதி அனுப்புவார்கள். "உங்க பேரக் குடுக்கட்டுங்களா?"

"வூட்ல கேட்டுச் சொல்றேன் சார்."

பஸ்ஸில் சித்தி அன்று என்னைப் பாடம் ஒப்பிக்கச் சொல்லவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஊர் நெருங்கும்போது, "பாப்பா, இத நானே சொல்லிக்கறேன். உங்க சித்தப்பா ஞாயித்துக்கெழம வரட்டும்" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. முதலை கிடைத்தால் யாருக்கும் முகம் அப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு சித்தப்பா வரவில்லை. கம்பெனியில் கூடுதல் ஷிப்ட். அடுத்த சனிக்கிழமையும் சித்தி முதலையோடு உள்ளே இருந்தாள், நான் தவளையோடு ஓரத்தில் இருந்தேன். மறுநாள் ஞாயிறும் சித்தப்பா வருவதாக இல்லை.

அன்று காலை எங்கள் தோட்டத்தில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். தாத்தா, அப்பா, அம்மா, சித்தி, உதவிக்கு வந்த பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர். பழுத்தது ஒரு கிரேட்டில், செங்காய் இன்னொன்றில், அடிபட்டது தனியாக. அந்தப் பெண்களில் ஒருத்தி என்னைச் சீண்டினாள். "என்ன கண்ணு, வாரா வாரம் பஸ்ஸேறிப் போறியே, என்னதான் கத்துக்கிட்ட? எங்க, ஒரு ஆட்டம் ஆட்டிக் காட்டு பாக்கலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாத்தாவும் ஆவலாகப் பார்த்தார். எனக்கு ஆட்டத் தெரியாது. அத்தனை மாதம் போய்வந்தும் தெரியாது. முகம் சுட்டது. அந்தப் பெண் விடவில்லை. "வாத்தியாரு சொல்லிக் குடுக்கறாரா, இல்ல சும்மா போயிட்டு வர்றியா?"

நான் பேசினேன். வெளி ஆட்களுக்கு முன்னால் முதன்முதலாக, தெளிவாக, சத்தமாகப் பேசினேன்.

"சாரு எனக்கெங்க சொல்லிக் குடுக்கறாரு? சித்திக்குத்தான் சொல்லிக் குடுக்கறாரு. சித்திய உள்ள கூப்புட்டு, கையப் புடிச்சுச் சொல்லிக் குடுத்தாரு. வகுப்பு முடிஞ்சப்பறமும் சித்திகிட்டதான் பேசுவாரு."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பேசி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. யாராவது, பாவம் பிள்ளைக்கு முதலையைக் கொடுக்கச் சொல்லு என்று சித்தியிடம் சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். சீண்டிய பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மற்றவளைப் பார்த்தாள். தாத்தா குனிந்து தக்காளி பொறுக்கிக்கொண்டே இருந்தார். நல்ல பழமாக மூன்று நான்கை எடுத்து அடிபட்ட கிரேட்டில் போட்டார். "நீ வூட்டுக்குப் போ" என்று அம்மா என்னிடம் சொன்னாள். சித்தியின் கைகள் மட்டும் நிற்காமல் முன்னைவிட வேகமாகப் பிரித்துக்கொண்டிருந்தன.

எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போடுகிறவர்கள் இல்லை. அன்று மாலை தாத்தா சித்தியிடம், "புள்ளைக்கு வெயில்ல அலைச்சலா இருக்குதும்மா. பேச்சுந்தான் வந்துருச்சே. போதும்" என்றார்.

"சரிங்க மாமா," என்றாள் சித்தி.

வகுப்பு அதோடு நின்றது. நிகழ்ச்சிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அடுத்த வாரம் சித்தப்பா வந்தார். அறைக்குள் அவர்கள் பேசியது எனக்குத் தெரியாது. வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்து வழக்கம்போலச் சிரித்துவிட்டு ஓசூருக்குப் போய்விட்டார். முகாமைப் பற்றி அவரிடம் அவள் கேட்டாளா, கேட்காமலே விட்டாளா என்பதை இன்றுவரை நான் அறியேன்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சித்திக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களுக்கு அவள் பொம்மை ஆட்டிக் காட்டியதாக நினைவில்லை. நான் வளர்ந்து, நாலு பேர் முன்னால் தாராளமாகப் பேசக்கூடியவளாகி, இப்போது சேலத்தில் ஆசிரியர் படிப்புப் படிக்கிறேன். போன மாதம் எங்கள் கல்லூரியில் மூன்று நாள் பொம்மலாட்டப் பட்டறை வைத்தார்கள். சொல்லிக்கொடுக்க ஓர் அக்கா வந்திருந்தார். இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே செல்போனில் படிக்கிற வகுப்புகள்கூட வந்துவிட்டன என்றும், பலவற்றுக்கு வயது வரம்பே இல்லை என்றும் சொன்னார். அன்று சாயங்காலமே சித்தியிடம் ஃபோனில் பேசினேன். விவரமெல்லாம் சொல்லி, பேர் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"எனக்கெதுக்குக் கண்ணு இப்ப? மாட்டப் பாக்கறதா, பொம்மையப் பாக்கறதா? நீ நல்லாக் கத்துக்க," என்று சிரித்தாள். நான் ஃபோனை வைக்கப் போனேன். அப்போது அந்தப் பக்கமிருந்து, "அங்க நூல் பொம்ம சொல்லித் தர்றாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எத்தன நூலு வெக்கறாங்க?" ஒன்பது என்றேன். "ஒம்போதா," என்றாள் சித்தி. பிறகு பால்காரர் வந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

தோட்டத்தில் நான் சொன்ன வார்த்தைக்காக அவள் என்னைக் கடிந்துகொண்டதே இல்லை. ஏன் சொன்னாய் என்று ஒருமுறையாவது கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், விஷயமும் அதோடு முடிந்திருக்கும். ஆனால் என் நினைவில் அடிக்கடி வருவது அந்தத் தோட்டம் அல்ல. வகுப்பு நின்ற பத்தாவது நாளோ என்னவோ, ஒரு புதன்கிழமை.

பள்ளி விட்டு நான் வந்தபோது வீட்டில் சித்தியைத் தவிர யாரும் இல்லை. அடுப்பில் கேழ்வரகுக் களி. சித்தி பானையைக் காலால் அணைத்துக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கிளறிக்கொண்டிருந்தாள். அலமாரியில் இருந்த செல்போன் அடித்தது. வீட்டுக்கே அது ஒன்றுதான். நான் எடுத்தேன். சாரின் கட்டிப்போன குரலை உடனே அடையாளம் தெரிந்தது.

"போன வாரம் வரலையேம்மா? சித்தி இருக்காங்களா? அவங்ககிட்டக் குடு. முகாமுக்கு இன்னிக்குள்ள பேரு அனுப்பணும்."

நான் ஃபோனைச் சித்தியிடம் நீட்டினேன். அவளுக்கும் அந்தக் குரல் கேட்டிருந்தது. துடுப்பு நின்றது. ஃபோனைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. ஒரு கையைத் துடுப்பிலிருந்து எடுத்துப் புடவையில் துடைத்தாள். துடைத்த கையை மறுபடி துடுப்பிலேயே வைத்தாள். பிறகு சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து, "இல்லேன்னு சொல்லு" என்றாள்.

எனக்குக் குதூகலமாகிவிட்டது. பெரியவர்கள் யாரும் அதுவரை என்னை நம்பி ஒரு பொய்யைக் கொடுத்ததில்லை. அவளுக்கு என்மேல் கோபம் போய்விட்டது, நாங்கள் மறுபடி கூட்டாளிகள் ஆகிவிட்டோம் என்று நினைத்தேன்.

"சித்தி இல்லீங்க சார்."

"எங்கம்மா போயிருக்காங்க?"

இதற்குச் சித்தி எதுவும் சொல்லித் தரவில்லை. நானே யோசித்துக் கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சொன்னேன். "அவங்க ஊருக்குப் போயிட்டாங்க சார்."

"எப்ப வருவாங்க?"

"இனிமே வரமாட்டாங்க சார்."

அவர் என்னவோ சொல்ல வந்தார். நான் ஃபோனை வைத்துவிட்டேன். இவ்வளவு நன்றாகச் சொன்னதற்கு ஒரு பாராட்டாவது கிடைக்கும் என்று சித்தியைப் பார்த்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு களியைக் கிளறிக்கொண்டிருந்தாள். களி எப்போதோ வெந்து, பானையில் ஒட்டாமல் திரண்டிருந்தது. துடுப்பு சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னும் வேகலையா சித்தி? பசிக்குது" என்றேன் நான்.